ஒன்றரை வோல்ட்டும் ஒச்சப்பன் கடையும்

பேட்டரிக் கட்டை விற்கிறவனுக்கு ஊரில் கரண்ட் போனால்தான் சோறு. மற்றவர்கள் விளக்கு அணைந்ததும் யாரையாவது திட்டுவார்கள். நாங்கள் மட்டும் வாயைத் திறக்காமல் ஆர்டர் புத்தகத்தைத் தேடுவோம்.

எழுபதுகளின் கடைசியில் நான் மதுரையில் ஒரு பேட்டரிக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தேன். பெயர்தான் அப்படி. ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜ் அறையில் எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒருநாள் பரவை, ஒருநாள் உசிலம்பட்டி என்று லைனுக்குப் போய்க் கடை கடையாக ஏறி இறங்குவதுதான் வேலை. டார்ச் லைட்டிலும் டிரான்சிஸ்டர் ரேடியோவிலும் போடுகிற கட்டைதான் என் சரக்கு. சோப்பு, சூடம், தலைவலித் தைலம் என்று எதையாவது தோளில் சுமந்து விற்ற அன்பர்கள் இதைப் படித்தால், மாட்டிக்கொண்டது நாம் மட்டும் இல்லை என்று கொஞ்சம் ஆறுதல் அடையலாம். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

மேனேஜர் கொடுத்த மீட்டர்

வேலையில் சேர்ந்தபோது ஆறு மாதம் தற்காலிகம் என்றார்கள். அதை ஒழுங்காக ஓட்டினால் நிரந்தர ஆர்டர் வரும். எனக்கு அந்த ஆர்டர் அவசரமாக வேண்டியிருந்தது. அம்மா எனக்காகச் சிம்மக்கல் பக்கம் ஒரு பெண் பார்த்திருந்தாள். எனக்குப் பெண்ணை ரொம்பப் பிடித்துவிட்டது. அவளுக்கும் பிடித்திருந்தது என்று நானாக நினைத்துக்கொண்டேன். பெண்ணின் அப்பா ஒரு ஆபீசில் ஹெட் கிளார்க். அவர் வைத்தது ஒரே ஒரு நிபந்தனைதான். ஆர்டர் என் கைக்கு வந்த மறுவாரம் நிச்சயதார்த்தம், அதுவரை பேச்சு பேச்சாகவே இருக்கட்டும் என்றார்.

முதல் நாளே ஏரியா மேனேஜர் என்னைக் கூப்பிட்டு உள்ளங்கை அகல வோல்ட் மீட்டர் ஒன்றைக் கொடுத்தார். எந்தக் கடைக்காரராவது கட்டை சரியில்லை என்று திருப்பிக் கொடுத்தால் அதன் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். நல்ல கட்டை ஒன்றரை வோல்ட் காட்டும். முள் ஒன்று புள்ளி நாலுக்குக் கீழே இறங்கினால் திரும்ப எடுக்கலாம், இறங்காவிட்டால் எடுக்கக் கூடாது. எனக்கு முன்னால் இருந்தவர் இரக்கப்பட்டு இரண்டு பெட்டியை மீட்டர் வைக்காமலே திரும்ப எடுத்துவிட்டாராம். ஐந்தாம் மாதமே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இதையெல்லாம் சொல்லிவிட்டு மேனேஜர் கடைசியாகச் சொன்னார்: "கடைக்காரன் ஆயிரம் சொல்லுவான்யா. நீ முள்ளை மட்டும் பாரு."

பரவை மண்டிக்காரர்

பரவை மார்க்கெட்டில் காய்கறி மண்டி வைத்திருந்த ஒருவர் லாரியில் வரும் மூட்டைகளைப் பார்த்து இறக்க டார்ச் வைத்திருந்தார். மாதம் ஆறு கட்டை வாங்குவார். வாங்குகிற விதம்தான் வேடிக்கை. இரண்டு கையிலும் இரண்டு கட்டையை ஏந்திக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். பிறகு ஒன்றை மடியில் போடுவார், ஒன்றை என் பக்கம் தள்ளுவார்.

ஒரு தடவை ஆறில் இரண்டைத் தள்ளிவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. மீட்டரை எடுத்து ஆறையும் வரிசையாக அளந்து காட்டினேன். ஆறும் ஒன்றரை. ஒரு நூல் கூட வித்தியாசம் இல்லை. மனுஷன் மீட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பஸ்ஸில் வரும்போது அவரை நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தேன். சிரித்திருக்கக் கூடாது என்று பிறகுதான் தெரிந்தது. அன்று மண்டியில் அவர் சொன்னது இது: "கத்திரிக்காய்ல சொத்தை இருக்காண்டு நான் மீட்டர் வச்சா பாக்குறேன்? கையில எடுத்தாத் தெரியும். இந்த ரெண்டும் உள்ளுக்குள்ள வத்திப் போச்சு, நீயே வச்சுக்க."

செய்தி மட்டும் வாசிக்கும் ரேடியோ

லாட்ஜுக்குக் கீழே இருந்த டீக்கடையில் நாலு கட்டை போடுகிற ரேடியோ ஒன்று உண்டு. நான் கொடுத்த கட்டைதான். ஒரு வாரம் கழித்துக் கடைக்காரர் என்னைப் பிடித்து உட்காரவைத்தார். சத்தத்தைக் குறைத்து வைத்தால் செய்தி வாசிப்பவர் தெளிவாகப் பேசினார். பாட்டு வந்ததும், பஸ் ஸ்டாண்டு இரைச்சலுக்கு மேல் கேட்க வேண்டுமே என்று சத்தத்தை ஏற்றினார். அவ்வளவுதான், பாடுகிறவருக்கு இழுப்பு வந்த மாதிரி ஆகிவிட்டது. குறைத்தால் மறுபடி சரியாகிவிடும்.

நாலு கட்டையையும் வெளியே எடுத்து மீட்டர் வைத்தேன். நாலும் ஒன்றரை. ரேடியோவில்தான் கோளாறு, மெக்கானிக்கிடம் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அன்றைக்கு என் டீயில் சர்க்கரை இல்லை. கேட்டதற்கு அவர் சொன்னார்: "ஒங்க மீட்டரு செய்தி கேக்குற ஆளு போலண்ணே. எங்கடைக்கு வாரவுக பாட்டும் கேப்பாக."

மிளகாயோடு காய்ந்த கட்டை

உசிலம்பட்டியைத் தாண்டி ஒரு கிராமத்துக் கடைக்கு நடந்து போகும்போது ஒரு வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். முற்றத்தில் பாயை விரித்து மிளகாய் காயப்போட்டிருந்தார்கள். பாயின் ஓரத்தில் எங்கள் கம்பெனிக் கட்டை எட்டு, தலைமாடு கால்மாடாகப் படுத்து வெயில் காய்ந்துகொண்டிருந்தன. கட்டையை வெயிலில் போட்டால் கெட்டுவிடும் என்று அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறோம். அந்தம்மாவிடம் அதை விளக்கமாக எடுத்துச் சொன்னேன்.

பொறுமையாகக் கேட்டுவிட்டு, சூடாக இருந்த இரண்டு கட்டையை எடுத்து டார்ச்சில் போட்டார். இருட்டாக இருந்த மாட்டுக் கொட்டகைக்குள் அடித்துக் காட்டினார். எரிந்தது. காயப்போடாத இரண்டைப் போட்டார். எரியவில்லை. நான் தண்ணீரைக் குடித்தேன். செம்பை வாங்கிக்கொண்டு அவர் சொன்னார்: "ஒரு மணி நேரந்தேன் எரியும், எனக்கும் தெரியும்ப்பா. அந்த ஒரு மணி நேரத்தை ஒங்க கம்பேனியா குடுக்குது?"

ஒச்சப்பன் கடை

உசிலம்பட்டி சந்தைக்குப் போகிற வழியில் ஒச்சப்பன் அண்ணன் கடை. மண்வெட்டி, கயிறு, மாட்டு மணி, அரிக்கேன், டார்ச் லைட் எல்லாம் கிடைக்கும். அந்த வட்டாரத்தில் பம்புசெட்டுக்கு வேண்டிய கரண்ட் பெரும்பாலும் ராத்திரியில்தான் வரும். மோட்டார் போடவும் தண்ணீர் கட்டவும் போகிறவர்கள் டார்ச் இல்லாமல் வரப்பில் கால் வைக்க மாட்டார்கள். அதனால் என் லைனிலேயே பெரிய ஆர்டர் அவருடையது. போனதும் முதலில் கலர் சோடா வாங்கிக் கொடுப்பார், பிறகுதான் வியாபாரம்.

நான்காம் மாதம் ஒருநாள் போனேன். கலர் வரவில்லை, வாங்க என்ற வார்த்தையும் வரவில்லை. கடைசியாக அனுப்பிய ஐந்து பெட்டியைக் காட்டினார். ஒன்றைத்தான் பிரித்திருந்தார், நாலு பெட்டி ஒட்டின காகிதம் பிரியாமல் அப்படியே இருந்தது. பிரித்த பெட்டியில் யார் வாங்கிப் போனாலும் இரண்டாம் நாள் வெளிச்சம் சிவந்து போய் அணைந்துவிடுகிறது என்றார். வாங்கினவர்களில் அவர் தங்கை புருஷனும் ஒருவர். மோட்டார் போடப் போனவருக்கு நடு வரப்பில் டார்ச் அணைந்துவிட்டது. அணைகிற நேரத்தில் குறுக்கே ஒரு பாம்பு. பதறிப் பின்னால் நகர்ந்தவர் வாய்க்காலில் விழுந்து கணுக்கால் பிசகிப் படுத்துவிட்டார். தங்கை சந்தை நாளாகப் பார்த்து வந்து, கூடப் பிறந்தவனே இப்படிச் சரக்கு விற்கலாமா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அதோடு பேச்சு நின்றுவிட்டது.

நான் மீட்டரை எடுத்தேன். வேறு என்ன செய்ய. பன்னிரண்டு கட்டை அளந்தேன், பன்னிரண்டும் ஒன்றரை. திரும்ப எடுக்க முடியாதண்ணே என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை. ஒச்சப்பன் அண்ணன் சத்தம் போடவில்லை. நாலு கட்டையை எடுத்து என் பையில் போட்டுவிட்டுச் சொன்னார்: "ஊர்க்காரன் கேட்டா எதாச்சும் சொல்லி அனுப்பிருவேன் தம்பி. எந் தங்கச்சி கேட்டுட்டுப் போயிருக்கா. ஒங்க முள்ளைக் கொண்டுபோயி அவகிட்டக் காட்டவா?"

லாட்ஜ் குழாய்

லாட்ஜில் என் பக்கத்து அறை ஞானசேகரன். என் வயதுதான், ஒரு ஹைஸ்கூலில் சயின்ஸ் வாத்தியார். அன்று சாயங்காலம் நாலு கட்டையையும் கட்டிலில் போட்டுப் புலம்பினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி, பல்பை எரியவிட்டுக்கொண்டே அளந்தீர்களா என்று. அப்படி அளக்கலாம் என்றே எனக்குத் தெரியாது. அவர் ஒரு டார்ச் பல்பையும் இரண்டு துண்டு ஒயரையும் கொண்டுவந்தார். சும்மா வைத்தால் முள் ஒன்றரையில் நின்றது. அதே கட்டையில் பல்பையும் சேர்த்து மாட்டினார். முள் சரசரவென்று இறங்கி முக்காலுக்கும் கீழே போய்விட்டது, பல்பு சிவப்பாக முழித்தது. பல்பை எடுத்ததும் முள் ஒன்றுமே நடக்காத மாதிரி மெல்ல ஒன்றரைக்கு ஏறியது. என் பையிலிருந்த, அந்த மாதம் வந்த புதுக் கட்டையில் பல்பை மாட்டினால் முள் லேசாக அசைந்ததோடு சரி.

கட்டைக்குள் மின்சாரத்தைத் தள்ளுகிற ஒரு விசை இருக்கிறது, அதற்கு மின்னியக்கு விசை என்று பெயர் என்றார். மீட்டர் காட்டுகிற ஒன்றரை அதுதான். அது இந்தக் கட்டைகளில் குறையவே இல்லை. ஆனால் கட்டைக்குள்ளேயே ஒரு தடையும் இருக்கிறது, அகமின்தடை. உள்ளே இருக்கிற பசை காய்ந்துவிட்டால் அது ஏறிவிடும். மின்சாரம் ஓடாதவரை அந்தத் தடை இருப்பதே தெரியாது. ஓட ஆரம்பித்தால் தள்ளுகிற விசையில் பாதிக்கு மேல் உள்ளேயே தீர்ந்துபோகும், மிச்சம்தான் பல்புக்கு.

நான் தலையாட்டிய விதத்திலேயே எனக்குப் புரியவில்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. குளியலறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். எங்கள் லாட்ஜ் குழாயைத் திறந்து வாயை விரலால் அடைத்தால் விரலை நன்றாகத் தள்ளும். விரலை எடுத்தால் நூல் மாதிரி வடியும், வாளி நிறைய அரை மணி ஆகும். ஞானசேகரன் சொன்னார்: "மேல டேங்க்ல தண்ணி நெறயத்தான் இருக்கு சார். குழாய்க்குள்ள துரு ஏறிப் போச்சு. நீங்க வெரலை வச்சுப் பாத்துட்டு நல்லா வருதுன்னு எழுதிக் குடுக்குறீங்க."

கோடவுன் ஏணி

காய்ந்த பசை என்றதும் எனக்குக் கம்பெனி கோடவுன் நினைவு வந்தது. மறுநாள் போய்ப் பார்த்தேன். தகரக் கூரை. சித்திரை மாதத்தில் உள்ளே நின்றால் தலை கொதிக்கும். பெட்டிகள் தரையிலிருந்து கூரை முட்ட இரும்புத் தட்டுகளில் அடுக்கியிருந்தன. உசிலம்பட்டிக்கு அனுப்பிய ஐந்து பெட்டி எங்கிருந்து எடுத்தது என்று மூட்டை தூக்குகிறவரிடம் விசாரித்தேன். அவர் கூரையைக் காட்டினார். பழைய சரக்கு மேலே இருக்கும், புதுச் சரக்கு கைக்கு எட்டுகிற உயரத்தில் கீழே இருக்கும், எப்போதும் கீழே இருப்பதைத்தான் எடுப்பார்களாம். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "அது ரெண்டு கோடைக்கு முந்தி வந்ததுண்ணே. கீழ காலியாயிருச்சு, அதான் ஏணி போட்டு எறக்குனோம். கட்டை என்ன தக்காளியா, அழுகிப் போறதுக்கு?"

வாயை மூடிய பத்து நாள்

இதை உடனே மேனேஜரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பயம்தான், வேறு ஒன்றுமில்லை. மேனேஜரின் மீட்டர் தப்பு, மேனேஜரின் கோடவுன் தப்பு என்று தற்காலிக ஆள் ஒருவன் போய்ச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆறு மாதம் முடிய இன்னும் எட்டு வாரத்துக்கு மேல் இருந்தது. ஒச்சப்பன் அண்ணன் தலைமை ஆபீசுக்கே கடிதம் போட்டுவிட்டார். மேனேஜர் நேரில் வந்து பார்ப்பதாகப் பதில் போயிற்று. நானும் கூட வர வேண்டும்.

போவதற்கு முந்தின நாள் பெண்ணின் அப்பா லாட்ஜுக்கு வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். வேலை எப்படிப் போகிறது என்று விசாரித்தார். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். அதுவரை என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்குப் படியில் இறங்கும்போது முதல் தடவையாக முறை வைத்துக் கூப்பிட்டார், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது: "ஏழு வாரம் வாயை மட்டும் அடக்கி வச்சுக்கங்க மாப்ள. ஆர்டர் வந்த பெறகு எம்புட்டு வேணுமோ பேசிக்கிருங்க."

பிரிக்காத பெட்டி

நாங்கள் போனபோது கடையில் ஒச்சப்பன் அண்ணனோடு அவர் தங்கை புருஷனும் இருந்தார். காலில் கட்டோடு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மேனேஜர் சரக்கைப் பார்ப்பதற்கு முன்பே, உங்கள் பக்கத்து ஆட்கள் கட்டையை வெயிலில் காயப்போட்டுக் கெடுத்துவிட்டுக் கம்பெனியைக் குறை சொல்கிறார்கள் என்று ஆரம்பித்தார். ஒச்சப்பன் அண்ணன் பிரிக்காத பெட்டி ஒன்றை அவர் முன்னால் வைத்தார். மேனேஜரே காகிதத்தைக் கிழித்தார், மேனேஜரே மீட்டர் வைத்தார். ஒன்றரை, ஒன்றரை, ஒன்றரை. இருபது கட்டை வரை அளந்துவிட்டு நிமிர்ந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

ஒச்சப்பன் அண்ணன் அதிலிருந்து இரண்டை எடுத்து டார்ச்சில் போட்டு உள்ளங்கையில் அடித்தார். சிவப்பாக ஒரு பொட்டு விழுந்தது. பல்பு பழசு என்றார் மேனேஜர். கடையிலிருந்த புது டார்ச்சைப் பிரித்துப் போட்டார்கள். அதே சிவப்புப் பொட்டு. சுவிட்ச் சரியாக ஒட்டவில்லை என்றார் மேனேஜர். அவர் வேண்டுமென்று பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. முள்ளை அவ்வளவு நம்பினார். ஒச்சப்பன் அண்ணன் பேச்சை விட்டுவிட்டார். டார்ச்சைக் கீழே வைத்துவிட்டுத் தங்கை புருஷனைப் பார்த்துச் சொன்னார்: "விட்டுரு மாப்ள. கம்பேனிக்காரவுக சொன்னாச் சரியாத்தான் இருக்கும். தப்பு என் மேலதான்னு அவகிட்டச் சொல்லிரு."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் சும்மா இருந்திருப்பேன். நிஜமாகவே தப்பு தன்னுடையதுதானோ என்கிற மாதிரி சொன்னார். எனக்கு அவமானமாக இருந்தது. ஞானசேகரன் கொடுத்த பல்பும் ஒயரும் பத்து நாளாக என் பையில்தான் கிடந்தன. எடுத்தேன். சார், ஒரு நிமிஷம் என்று சொல்லி அவர் கையிலிருந்த கட்டையில் மீட்டரோடு பல்பையும் மாட்டினேன். முள் இறங்கியது. எடுத்தேன், ஏறியது. மாட்டினேன், இறங்கியது. பிறகு பையிலிருந்த புதுக் கட்டையில் மாட்டிக் காட்டினேன், முள் நின்ற இடத்தில் நின்றது. கோடவுன் கூரையைப் பற்றியும் சொல்லிவிட்டேன். வாய் திறந்த பிறகு பாதியில் நிறுத்துவதில் அர்த்தமில்லை. மேனேஜர் பத்துக் கட்டையை அவரே மாட்டிப் பார்த்தார். கடைசியில் காலில் கட்டுப் போட்டிருந்தவர்தான் மீட்டரை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது நம்ம பஞ்சாயத்து ஆளு மாதிரில்ல இருக்கு. வேலை குடுக்காத வரைக்கும் நல்லா நிமிந்து நிக்கிது."

திரும்பி வந்த பஸ்

ஐந்து பெட்டியையும் திரும்ப எடுப்பதாக மேனேஜர் அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த விஷயத்தில் மனுஷன் நேர்மையானவர், குறை சொல்ல மாட்டேன். மதுரைக்கு வருகிற பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஊர் நெருங்கும்போது, இது உனக்கு எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டார். பத்து நாள் என்றேன். பத்து நாளில் ஒருநாள் என் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு சொல்லியிருந்தால் நானே உன்னை மெச்சியிருப்பேனே என்றார். அது உண்மைதான். இறங்குவதற்கு முன் அவர் சொன்னார்: "நீ சொன்னது தப்பில்லய்யா. கடைக்காரன் முன்னாடி என்னை நிக்க வச்சுச் சொன்ன பாரு, அதுதான் தப்பு."

ஆர்டருக்குப் பதில் வந்த கடிதம்

ஏழு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. தற்காலிகம் இன்னும் ஆறு மாதத்துக்கு நீட்டிக்கப்படுகிறது, மேலதிகாரியிடம் நடந்துகொள்ளும் முறையில் முன்னேற்றம் தேவை என்று இருந்தது. கூடவே எல்லாப் பிரதிநிதிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை. இனிமேல் கட்டையைப் பல்பு மாட்டித்தான் சோதிக்க வேண்டும், கோடவுனில் பழைய சரக்கை முதலில் அனுப்ப வேண்டும். யார் கண்டுபிடித்தது என்று அதில் இல்லை. இரண்டு காகிதமும் ஒரே உறையில் வந்தன.

கடிதத்தை எடுத்துக்கொண்டு சிம்மக்கல்லுக்குப் போனேன். மறைக்கக் கூடாது என்று நினைத்தேன். பெண்ணின் அப்பா இரண்டு தடவை படித்தார். உள்ளே வளையல் சத்தம் கேட்டது, பிறகு நின்றுவிட்டது. காப்பி வந்தது. ஆறு மாதம் பொறுக்க முடியுமா என்று கேட்க நினைத்துத்தான் போனேன். கேட்கவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தேன். ரொம்ப வலித்தது, அதை இப்போது சொல்வதில் வெட்கம் இல்லை. அந்த ஆவணியில் அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணமானது. வாசல் வரை வந்து வழியனுப்பிய அவர் சொன்னது இது: "நீங்க செஞ்சது நியாயந்தான் தம்பி. ஆனா பொண்ணைக் குடுக்குறவன், மாசம் பொறந்தா என்ன வரும்னுதானே பாக்கணும்."

மறுபடி உசிலம்பட்டி

அடுத்த மாதம் ஒச்சப்பன் அண்ணனுக்குப் புதுச் சரக்கு ஐந்து பெட்டி கொண்டுபோய்க் கொடுத்தேன். கலர் வந்தது. தங்கை பேச ஆரம்பித்துவிட்டாளா என்று கேட்டேன். பேசுகிறாள், ஆனால் கட்டை மட்டும் எதிர்த்த கடையில் வாங்குகிறாள் என்றார். சரி, இதோடு விட்டதே என்று பையை எடுத்தேன். அவர் பெட்டி ஐந்தையும் என் பக்கம் திருப்பி வைத்து, ஒரு டார்ச் பல்பையும் பக்கத்தில் வைத்தார். ஐந்து பெட்டி என்றால் நூற்றுக்கணக்கில் கட்டை. நான் முழித்தேன். அவர் முக்காலியை எனக்குத் துடைத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்: "நீங்கதான் தம்பி காட்டிக் குடுத்தீக. இனி ஒவ்வொண்ணா மாட்டிக் காட்டிட்டுப் போங்க. அவசரமில்ல, சாயந்தரம் வரைக்கும் மதுரைக்குப் பஸ் இருக்கு."

ஆக, ஒரு பல்பை மாட்டிப் பார்த்ததில் கம்பெனிக்கு ஒரு நல்ல விதி கிடைத்தது, ஒச்சப்பன் அண்ணனுக்குத் தங்கை கிடைத்தாள், எனக்குத்தான் மாதம் ஒரு முழுநாள் உசிலம்பட்டியில் முக்காலியில் உட்கார்ந்து கட்டை எரியவிடுகிற வேலை கிடைத்தது.